குடுவைக்குள் ஒரு சிட்டிகை அருள்

1969 பங்குனியில், காரைக்குடியில் பி.எஸ்.சி. வேதியியல் பாஸ் பண்ண இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, படிப்பது. அந்த வழியில் கூட்டமில்லை. இன்னொன்று, கோவிலூர்ப் பக்கம் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டின் முகப்பில் சுவாமி மலையானந்தரைத் தரிசிப்பது. அங்கே நிற்க இடமில்லை.

சுவாமி போன வருஷம் வரை வெறும் மலையாண்டி. புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர்கள் பினாங்கில் இருந்ததால் காவலுக்கு வந்தார். வந்த இடத்தில் ஞானமும் வந்துவிட்டது. அது பொடி வடிவில் வந்ததுதான் விசேஷம். கொல்லிமலைச் சித்தர் கொடுத்த வெண்பஸ்பமாம். செய்முறைத் தேர்வில் குடுவைக்குள் ஒரு சிட்டிகை போட்டால் சரியான விடை தானே வந்து நிற்குமாம். பாஸானவன் வாழைத்தாரோடு வந்து சாட்சி சொன்னான். பெயிலானவனுக்கு நம்பிக்கை போதவில்லை. பொடி வாங்காமலே பாஸானவர்களைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. அவர்கள்தான் அந்தப் பக்கமே வருவதில்லையே.

அரியக்குடி நாகநாதன் தம் மகள் புஷ்பவள்ளிக்காகப் பயபக்தியோடு ஒரு பொட்டலம் வாங்கிப் போனார். போன தடவை அவள் செய்முறையில் தவறிவிட்டாள். இந்தத் தடவையும் தவறினால் படிப்புக்கு முழுக்கு, வைகாசியில் கல்யாணம் என்று மாப்பிள்ளை வீட்டில் பேசி முடித்திருந்தார். மேலே படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கும் அந்தக் கல்யாணத்துக்கும் நடுவே நின்றது ஒரே ஒரு குடுவை.

கல்லூரியில் மாதிரித் தேர்வு. புஷ்பவள்ளி பிப்பெட்டில் சோடாக் கரைசலை அளந்து குடுவையில் விட்டாள். நிறம் காட்ட மெத்தில் ஆரஞ்சு இரண்டு சொட்டு, கரைசல் மஞ்சளானது. அப்பா சொன்னபடி ஒரு சிட்டிகை அருள். இனி பியூரெட்டிலிருந்து அமிலம் சொட்ட வேண்டும். மஞ்சள் சிவந்ததும் நிறுத்தி அளவு பார்க்க வேண்டும். சிவந்தது. குலுக்கினால் மறுபடி மஞ்சள். இன்னும் விட்டாள், சிவந்தது, மறுபடி மஞ்சள். மூன்று தடவை செய்து மூன்று அளவு வந்தது. மூன்றும் ஒத்துவந்தால்தான் மார்க். சித்தரின் அருள் ஒரே சீராக இறங்குவதில்லை போலும்.

பக்கத்து மேசை யூஜினியா பொடி போடாதவள். அவளுக்கு மூன்றும் ஒரே அளவு. தேர்வு முடிந்ததும் பொட்டலத்தை வாங்கிப் பார்த்தாள்.

"வெறுந்தண்ணியில போட்டுப் பாப்போம்டி."

மெத்தில் ஆரஞ்சு விட்ட வெறும் தண்ணீர் ஒரு சொட்டு அமிலத்திலேயே சிவந்தது. பொடி போட்ட தண்ணீர் முப்பது சொட்டை விழுங்கிவிட்டு மஞ்சளாகவே நின்றது.

"உங்க சாமி ஆசிட்டைக் குடிக்குதுடி. உனக்கு விடை எங்குட்டு வரும்?"

மகள் வீட்டில் வந்து சொன்னபோது நாகநாதன் இதை நம்பவில்லை. சுவாமியிடமே கேட்டுவிடலாம் என்று இருவரையும் கூட்டிப் போனார். சுவாமி கண்ணை மூடி யோசித்து, சிட்டிகை போதவில்லை, இரட்டிப்பாகப் போடட்டும் என்று அருளினார். உடனே கூட்டமும் இரட்டிப்புக் கேட்டது.

"சாமி, இந்த எலுமிச்சம்பழத்துல ஒண்ணு எடுத்துக்கிறட்டுமா?" என்று சுவாமி முன் குவிந்திருந்த காணிக்கையைக் காட்டினாள் யூஜினியா.

அறுத்து, பாதிப் பழத்தைப் பொடியின் மேல் பிழிந்தாள். பொடி நுரைத்துச் சீறியது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஒரு பெரியவர் பொடி பேசுகிறது என்றார். சுவாமி முந்திக்கொண்டார்.

"பேசாம என்ன செய்யும்? உசுருள்ள பொடி ஆத்தா இது."

"காஞ்ச சுண்ணாம்பும் இப்படித்தான் பேசும் சாமி."

நாகநாதனுக்குக் கோபம் வந்து யூஜினியாவை அதட்டினார். அந்த நேரத்தில் புஷ்பவள்ளி மிச்சப் பாதிப் பழத்தோடு, பொட்டலங்கள் வந்துகொண்டிருந்த உள்கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். பூசை அறைக்குள் பெண்பிள்ளைகள் போகக்கூடாதென்று சுவாமி பதறினார். மகளை இழுத்துவர ஓடிய நாகநாதன் உள்ளே போய் அப்படியே நின்றார்.

அந்தக் காலத்து வீட்டுச் சுவர். முட்டை வெள்ளைக்கருச் சேர்த்து, முகம் பார்க்கலாம் போல இழைத்த சுண்ணாம்புப் பூச்சு. இந்த அறையில் மட்டும் ஆள் கை எட்டும் உயரம் வரை செங்கல்தான் பல்லிளித்தது. கீழே ஒரு கடப்பாரை, ஓர் உரல், உரலுக்குள் பாதி இடிபட்ட பூச்சுக் கட்டிகள். கொல்லிமலை அங்கேதான் இருந்தது.

புஷ்பவள்ளி சுவரில் எஞ்சியிருந்த பூச்சின் மேல் பழத்தைப் பிழிந்தாள். சுவர் நுரைத்தது.

"அப்பா, சுவரும் பேசுது. கேக்குறீகளா?"

 நாகநாதன் மகளின் கையிலிருந்த பழத்தை வாங்கித் தாமே ஒருமுறை பிழிந்து பார்த்தார்.

அந்த ஊர் வீடுகளில் ஒரு வசதி உண்டு: முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். சுவாமி அடுத்த தெருவில் கலந்துவிட்டார். கூட்டம் கொதித்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். பாதிப் பேர் கொதித்தார்கள். மீதிப் பேர், இத்தனை பிள்ளைகளைப் பாஸாக்கிய சுவராயிற்றே என்று உரலில் கிடந்ததைத் துண்டில் முடிந்துகொண்டார்கள்.

புஷ்பவள்ளி அசல் செய்முறைத் தேர்வைப் பொடியில்லாமலே செய்து முடித்தாள். மூன்று அளவும் ஒத்துவந்தன. நாகநாதன் மாப்பிள்ளை வீட்டுக்குத் தாமே போய், பிள்ளை படிக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தார். திரும்பும் வழியில் தெரிந்தவர் ஒருவர், எழுத்துத் தேர்வுக்குப் பேனாவில் மை ஊற்றித் தரும் சாமியார் ஒருவர் திருப்பத்தூர்ப் பக்கம் வந்திருப்பதாகக் காதைக் கடித்தார்.

"எல்லாச் சாமியாருக்கும் ஒரு வீடு இருக்கும்யா," என்றார் நாகநாதன். "வீட்டுக்குச் சுவரு இருக்கும். மொதல்ல அதைப் போய்ப் பாத்துட்டு வாங்க."

யோசிப்பதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் தேர்வு வைப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் நம்மில் பாதிப் பேர் அந்தப் பாடத்தைத் தொடுவதே இல்லை.