பங்குதாரர் பயிற்சிக்குப் போனார்

பைப் கம்பெனியின் கணக்குப் பிரிவில் சூப்பர்வைசராக இருந்தவர், ஓய்வு பெற்ற முதல் வாரத்திலேயே ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். மனைவி நடத்தும் தொழிலைத் தன் நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்துவிடுவது. அப்புறம் வலிக்காமல், சத்தமில்லாமல் அதை இழுத்து மூடிவிடுவது.

மனைவியின் தொழில், பிள்ளை பார்த்துக்கொள்வது. வேலைக்குப் போகும் அப்பா அம்மாக்கள் காலையில் கொண்டுவந்து விடுவார்கள், சாயங்காலம் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். தெருவே அவளைப் பாப்பாக்கா என்றுதான் கூப்பிடும். ஆபீஸ் போய்க்கொண்டிருந்த காலத்தில் சூப்பர்வைசருக்கு இதெல்லாம் காதில் விழுந்த சேதி மட்டும்தான். இப்போது அந்தச் சேதி நாலு பிள்ளைகளாக முன்னறையில் உருண்டது. சோபாவில் அவர் உட்காரும் இடத்தில் ஒரு கரடி பொம்மை உட்கார்ந்திருந்தது. அதை நகர்த்தினால், பொம்மையின் சொந்தக்காரி ஊரையே கூட்டினாள். அவளுக்கு வயது மூன்று. மத்தியானம் லேசாகக் கண்ணை மூடினால், ஒரு பையன் வந்து அவர் இமையை விரலால் தூக்கிப் பார்த்து, "மாமா, உள்ளே இருக்கீங்களா?" என்று விசாரித்தான்.

இதற்கு மேலும் பொறுப்பதா? நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விசாரணையை ஆரம்பித்தார்.

"உன் தொழிலுக்குக் கணக்கு எங்கே?"

"கணக்கா?" என்றாள் பாப்பாக்கா, ஒரு குழந்தைக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டே.

"கூட்டல் கழித்தலாவது தெரியுமா?"

"கூட்டிப் பெருக்குறது நாள் பூரா நான்தானே. கழிக்கிறதைப் பிள்ளைங்க பாத்துக்குதுங்க."

"விளையாடாதே! பற்று எது, வரவு எது?"

"பிள்ளைங்க மேல எனக்குப் பற்று. காலையில அவங்க வரவு. சரிதானே?"

சூப்பர்வைசர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். முப்பது வருஷம் பேரேடு எழுதியவரின் வீட்டில், பேரேட்டையே அவமானப்படுத்துகிறார்கள்.

"அதுக்குத்தாங்க ஏதோ பயிற்சி வச்சிருக்காங்களாம்" என்றாள் அவள், பெருமூச்சு விட்டு. "சொந்தமா பிள்ளை பாத்துக்கிறவங்களுக்குக் கணக்கு எழுதச் சொல்லித் தர்றாங்களாம். எனக்கு அதை நெனைச்சாலே கை கால் உதறுது."

"நீ உதற வேண்டாம். நான் போறேன்!"

"நீங்களா? தொழில்ல இருக்கிறவங்களைத்தான் சேப்பாங்களாமே."

"என்னையும் சேத்துக்கோ. உதவியாளரா இல்லே. பங்குதாரரா!"

"அய்யோ, நீங்களே வாய் விட்டுக் கேக்கறப்போ நான் மாட்டேன்னா சொல்வேன்?" என்று அவள் அடுப்படிக்குள் போனாள். உள்ளே ஒரு பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. சிரிப்புச் சத்தம் மாதிரியும் கேட்டது. அவர் பாத்திரம் என்றே எடுத்துக்கொண்டார். கோட்டைக்குள் நுழைந்தாயிற்று. இனி கதவைப் பூட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

பயிற்சி நிலையத்தில் எல்லாரும் பெண்கள். இவர் ஒருவர்தான் ஆண், சட்டைப் பையில் மூன்று பேனாவோடு. கணக்கு வகுப்பு எடுத்த டீச்சர் நிறைமாதக் கர்ப்பிணி. ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, மறு கையால் பலகையில் எழுதினார். வீட்டுக் கரண்டு பில்லில் எவ்வளவு தொழிலுக்கு, எவ்வளவு குடும்பத்துக்கு என்று அவர் பிரித்துக் காட்ட, சூப்பர்வைசர் எழுந்து நின்றார்.

"ஒரு சந்தேகம். கலர் பென்சில் வாங்கினா அது நடப்புச் செலவா, மூலதனச் செலவா?"

"எங்க வீட்டுல அதைத் தின்னுடுறாங்க சார்" என்றாள் அடுத்த மேஜைக்காரி. "சாப்பாட்டுச் செலவுலதான் எழுதணும்."

வகுப்பே சிரித்தது. சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. அவளைப் பரம எதிரியாகக் குறித்துக்கொண்டார்.

மத்தியானம் பேனாக்களைச் செருகிக்கொண்டு கிளம்பினார். டீச்சர் தடுத்தார்.

"சார், பிற்பகல் பிள்ளை வளர்ப்பு வகுப்பு இருக்கு."

"எனக்குக் கணக்கு போதும்மா."

"அப்போ, 'வந்து உட்கார்ந்திருந்தார்'னு மட்டும்தான் எழுதித் தர முடியும். ரெண்டையும் முடிச்சவங்களுக்குத்தான் சான்றிதழ்."

வந்து உட்கார்ந்திருந்தாரா? அவரா? உடனே திரும்பி வந்து, இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஆளுக்கொரு பிளாஸ்டிக் குழந்தை கொடுத்தார்கள். டயப்பர் மாட்ட வேண்டும். அடுத்த மேஜைக்காரி இமைக்கும் நேரத்தில் மாட்டிவிட்டு, இவர் குழந்தையைத் தலைகீழாகப் பிடித்திருப்பதை அன்போடு சுட்டிக்காட்டினாள். அன்றைக்குச் சூப்பர்வைசருக்குள் ஒரு வெறி பிறந்தது. வீட்டுக்கு வந்து கரடிக்கு மாட்டிப் பார்த்தார். கரடி தேறியதும், உயிருள்ள பிள்ளைகளிடம் போனார். இடது பட்டை, வலது பட்டை, நடுவில் ஒரு விரல் இடைவெளி.

"டேலி ஆயிடுச்சு!" என்று கத்தினார்.

"நீங்க கை வச்சா மட்டும் அழவே மாட்டேங்குதே" என்றாள் பாப்பாக்கா, வாசற்படியில் சாய்ந்து நின்று. "எப்படிங்க?"

"எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு. உனக்குச் சொன்னாப் புரியாது."

"எனக்கெங்கே புரியப் போகுது" என்று ஒத்துக்கொண்டாள் அவள்.

தொண்டையில் எதையாவது மாட்டிக்கொண்ட பிள்ளையைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டுவது, ஜுரம் பார்ப்பது, தூங்க மறுப்பவனிடம் தூக்கத்தைப் பற்றியே பேசாமல் தூங்க வைப்பது என்று ஒவ்வொன்றிலும் அவர் மதிப்பெண் ஏறிக்கொண்டே போனது. இமையைத் தூக்கிப் பார்க்கும் பையன்கூட இப்போது அவர் மடியில்தான் தூங்கினான். இவருக்குக் கால் மரத்துப் போனது. எழுந்திருக்க மனசு வரவில்லை. தொழிலை மூடும் திட்டத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார்.

கடைசி நாள். முடிவைப் படித்தார்கள். முதலிடம் சூப்பர்வைசருக்கு. பரம எதிரியே எழுந்து கை தட்டினாள்.

சான்றிதழைக் கையில் கொடுத்துவிட்டு டீச்சர் சொன்னார். "திங்கட்கிழமையிலேர்ந்து நான் லீவு சார். எனக்குப் பதிலா கணக்கு வகுப்பு எடுக்க ஆள் கிடைச்சாச்சு. சொன்னா நம்ப மாட்டீங்க, உங்க வீட்டுலேர்ந்துதான்!"

சூப்பர்வைசர் தாராளமாக நம்பினார்.

"உங்க சம்மதம்தான் பாக்கி. நெறைய பேர் வீட்டுல இங்கேதான் முட்டுக்கட்டை போடுவாங்க."

"என் வீட்டுல எவளுக்கும் அந்தத் தைரியம் கிடையாதும்மா. முழுச் சம்மதம்!"

"பெரிய மனசு சார் உங்களுக்கு" என்று டீச்சர் கண் கலங்கினார்.

மனைவியிடம் மூச்சு விடவில்லை. திங்கட்கிழமை காலையில் கிளம்பி நிற்கும்போது பார்த்து அசந்து போகட்டும் என்று இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தன்னுடைய நல்ல முழுக்கைச் சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டார்.

"எதுக்குங்க இப்போ?"

"நாளைக்குத் தெரியும்."

"சரி. பெட்டியை அணைச்சிடாதீங்க. எனக்கும் ஒண்ணு போடணும்."

மறுநாள் காலை. முழுக்கைச் சட்டை, பளபளத்த ஷூ, பையில் மூன்று பேனா. தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னறைக்கு வந்தார். அங்கே பாப்பாக்கா தோளில் பை மாட்டிக்கொண்டு, வெளியே போகிற செருப்புக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ எங்கே கிளம்பிட்டே?"

"பயிற்சி நிலையத்துக்குத்தான். டீச்சர் எல்லாம் சொன்னாங்க. முழுச் சம்மதம்னு சொன்னீங்களாமே! எனக்கு அழுகையே வந்துடுச்சு."

சூப்பர்வைசரின் வாய் திறந்தது. மூடும் வழியை மறந்துவிட்டது.

"நீ... என்ன பாடம் எடுக்கப் போறே?"

"கணக்கு."

"கை கால் உதறுதுன்னியே!"

"ஆசையில உதறாம என்ன செய்யும்? போன வருஷம் அந்தப் பயிற்சியில நான்தான் முதல். அப்பவே வகுப்பு எடுக்கக் கூப்பிட்டாங்க. நான் போயிட்டா பிள்ளைங்களை யார் பாப்பாங்க? சான்றிதழ் வாங்குன பங்குதாரர் கிட்டதான் விடணுங்கிறாங்க. அதுக்கு நான் எங்கே போவேன்?" அவர் காலரைச் சரிசெய்துவிட்டாள். "நல்லவேளை, கடவுளாப் பாத்து உங்களுக்கு ஓய்வு கொடுத்தாரு. அப்போ, பிள்ளைங்க வர்ற நேரமாச்சு. நான் வரட்டுங்களா?"

போய்விட்டாள். தெருமுனை வரைக்கும் அவள் செருப்புச் சத்தம் தாளம் போட்டுக்கொண்டே போனது.

வாசல் மணி அடித்தது. அவசரமாக வேலைக்கு ஓடும் ஒரு இளம் அப்பா, இடுப்பில் கைக்குழந்தையும் கையில் டயப்பர் பையுமாக நின்றார். சூப்பர்வைசரின் முழுக்கைச் சட்டையையும் ஷூவையும் பார்த்துத் தயங்கினார்.

"என்ன சார், எங்கேயோ கிளம்பிட்டீங்க போல?"

சூப்பர்வைசர் குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்து, கழுத்துக்குக் கை கொடுத்தார். பிடியில் ஒரு குறை சொல்ல முடியாது.

"இல்ல தம்பி," என்றார், "இப்பத்தான் வேலையில சேந்தேன்."