டைம்லருக்குப் பூட்டிய குதிரை

திருநெல்வேலியில் பெரிய மனிதர்கள் பொழுதைப் போக்கும் விதம் அவ்வப்போது மாறும். முதலில் சீட்டு இருந்தது. பிறகு டென்னிஸ் வந்தது. அதற்கு ஓடவேண்டும் என்று தெரிந்ததும் போய்விட்டது. டில்லியில் தர்பார் நடந்த வருஷம் மோட்டார் வந்தது. வண்டி வந்துவிட்டது என்று யாரும் தப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மோட்டாரைப் பற்றிய ஞானம் மட்டும் வந்தது.

கொண்டுவந்தவர் டிப்டி கலெக்டர் திருஞானசம்பந்தம் பிள்ளை. சென்னப்பட்டணத்தில் துரைமார் ஒரு விளையாட்டு ஆடுவதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். மோட்டாரின் போட்டோவில் ஒரு மூலையை மட்டும் வெட்டிக் காட்டுவார்கள். ஒரு விளக்கு, அரைச் சக்கரம், ஊதுகுழலின் வாய், அவ்வளவுதான். அதைப் பார்த்து எந்தக் கம்பெனி, எந்த வருஷத்து வண்டி என்று சொல்லவேண்டும். ஊர் திரும்பிய அடுத்த சனிக்கிழமையே ‘மோட்டார் அனுமான சபை’ ஆரம்பமாயிற்று. டிப்டி கலெக்டரிடம் காரியம் ஆகவேண்டியவர்கள் எல்லாரும் அங்கத்தினர் ஆனார்கள். அதாவது ஊரில் வேட்டிக்கு மேல் கோட்டுப் போட்டவர்கள் அத்தனை பேரும்.

படம் வெட்டித் தரும் கைங்கரியம் ஜேசுதாசனுடையது. உவரிக்காரர், தெற்கு ரதவீதியில் போட்டோக் கடை வைத்திருந்தார். இங்கிலீஷ் பத்திரிகைகளில் வரும் படத்தை வெட்டி அட்டையில் ஒட்டி, பின்பக்கம் விடையை எழுதிவிடுவார். பிள்ளையவர்கள் சொல்வதும் அட்டை சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால் ஹெட் குமாஸ்தா ஆவுடைநாயகம் அட்டையைத் திருத்திவிடுவார். கலெக்டர் கச்சேரியில் இதுதான் நடைமுறை. மேலே இருப்பவர் தவறுவதில்லை, கீழே இருக்கும் காகிதம்தான் தவறும். ஆகையால் பிள்ளையவர்கள் ஒரு வாரம்கூடத் தோற்கவில்லை.

ஒரு மழைக்காலத்தில் பத்திரிகைகள் வந்து சேரவில்லை. சனிக்கிழமையோ நிற்காமல் வந்துவிட்டது. ஜேசுதாசன் கடை வாசலில் ஒற்றைக் குதிரை பூட்டிய ஜட்கா ஒன்று நின்றது. பேட்டை காஜா முகைதீனுடைய வண்டி அது. வேறு வழி தெரியாமல், அதன் பின்மூலையைப் படம் எடுத்து, விளக்கும் பாதிச் சக்கரமும் கூண்டின் ஓரமும் முனிசிபாலிட்டி நம்பர்த் தகடும் தெரிகிற மாதிரி வெட்டிக் கொடுத்தார். பின்பக்கம் ‘ஜட்கா’ என்று எழுதியும் வைத்தார். ஒரு நாள் சிரித்துவிட்டுப் போவார்கள் என்று நினைத்தார். அந்தச் சபையில் அதுவரை யாரும் சிரித்ததில்லை என்பதை அவர் மறந்துபோனார்.

பிள்ளையவர்கள் அட்டையை வாங்கி, தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார்.

“டைம்லர். போன வருஷத்து வண்டி” என்றார்.

வக்கீல் கோபாலசுப்பிரமணியன் எட்டிப் பார்த்தார். அவருடைய அப்பீல் ஒன்று பிள்ளையவர்கள் மேஜையில் கிடந்தது. “அந்த விளக்குக்கு வேறே பேரே சொல்ல முடியாது, டைம்லர்தான்” என்றார். ஆவுடைநாயகம் பின்பக்கம் இருந்த விடையை அடித்து டைம்லர் என்று எழுதினார். அத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. பிள்ளையவர்கள் கண்ணில் நம்பர்த் தகடு பட்டுவிட்டது. நம்முடைய முனிசிபாலிட்டித் தகடு. அப்படியென்றால் இந்த ஊரிலேயே எவனோ ஒருவன் டிப்டி கலெக்டருக்குத் தெரியாமல் மோட்டார் வைத்திருக்கிறான்.

மறுநாள் ஆவுடைநாயகம் பேட்டைக்குப் போனார். வழியில் ஜேசுதாசன் மறித்து, அது வெறும் ஜட்கா, நான்தான் படம் எடுத்தேன் என்று சொல்லிப் பார்த்தார். ஐயா சொல்லி, சபையும் ஒப்புக்கொண்டபிறகு அது ஜட்காவாக இருக்கச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டு ஆவுடைநாயகம் நடையைக் கட்டினார்.

வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. குதிரை புல் தின்றுகொண்டிருந்தது. குல்கந்து என்று அதற்குப் பேர். காஜா முகைதீன் மனைவி ஜமீலா பீவி வைத்த பேர். அந்த வீட்டில் அடுப்பு எரிவது குல்கந்தின் காலில்தான் இருந்தது.

“இது ஒம்ம மோட்டாராவே?” என்று கேட்டார் ஆவுடைநாயகம்.

“ஜட்கால்லா அண்ணாச்சி. அந்தா குதிரை நிக்கில்லா.”

“அதைத்தான் நானும் கேக்கேன். மோட்டாருக்குக் குதிரை எதுக்குவே?”

காஜா முகைதீனுக்குப் பதில் தெரியவில்லை. நமக்கும் தெரியாது. மோட்டாருக்குக் குதிரை எதற்கு என்று கேட்டால் யார்தான் என்ன சொல்ல முடியும்? அனுமதியில்லாமல் மோட்டாரில் பூட்டப்பட்டிருந்த குதிரை என்று குல்கந்தைப் பிடித்துக்கொண்டுபோய், தெருவில் அலையும் மாடுகளை அடைக்கிற பவுண்டில் அடைத்தார்கள். வண்டியை அவரே வைத்துக்கொள்ளலாம், குதிரை இல்லாமல் தாராளமாக ஓட்டலாம் என்று கருணையோடு உத்தரவாயிற்று.

காஜா முகைதீன் வக்கீலிடம் ஓடினார். சபையில் டைம்லர் என்று ஒப்புக்கொண்ட வாயால் கோர்ட்டில் ஜட்கா என்று எப்படி வாதாடுவது என்று வக்கீல் நியாயமாகவே கேட்டார். ஜமீலா பீவி தினமும் ஒரு கட்டுப் புல்லைச் சுமந்துகொண்டு பவுண்டுக்கு நடந்தாள். குதிரைக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. அவள் கம்பி வழியாக அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றதைப் பார்த்த ஜேசுதாசனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தன் படத்தால் வந்த வினை என்று அவருக்குத் தெரியும்.

இதற்குள் சபையின் ஆண்டு நிறைவு வந்தது. நான்கு ரதவீதியிலும் டைம்லரில் பவனி வருவதென்று பிள்ளையவர்கள் தீர்மானித்தார். நீண்ட மேலங்கி, தூசிக்குக் கண்ணை மூடும் கறுப்புக் கண்ணாடி எல்லாம் பட்டணத்திலிருந்து வந்தன. ஜனங்களுக்குத் தரிசனம் கொடுக்கவேண்டி, பேட்டையிலிருந்து தள்ளிவந்த ஜட்காவில் பின்பக்கம் பார்த்து ஏறி உட்கார்ந்தார். “விடும்வே” என்றார். டைம்லர் நகரவில்லை.

மோட்டாரை முதலில் கொஞ்சம் இழுத்துவிட்டால் பிறகு தானாக ஓடும் என்று வக்கீல் மெல்லிய குரலில் அபிப்பிராயம் சொன்னார். குதிரையைப் பூட்டும் கம்புகளில் இடது பக்கத்தை ஆவுடைநாயகமும், சொன்ன குற்றத்துக்காக வலது பக்கத்தை வக்கீலும் பிடித்தார்கள். மற்ற அங்கத்தினர்கள் சக்கரத்தைத் தள்ளினார்கள். தானாக ஓடும் அந்த இடம் கீழ ரதவீதியில் வரவில்லை, தெற்கு ரதவீதியில் வரவில்லை, மேல ரதவீதியில் வரவில்லை, வடக்கு ரதவீதியிலும் வரவில்லை. ரதவீதிக்காரர்கள் தேர் இழுத்துப் பழகியவர்கள். இதையும் ஏதோ உற்சவம் என்று எண்ணிச் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சக்கரத்தோடு ஓடி வந்தவர்களைப் பார்த்து, மரியாதைக்காகக் கூட ஓடுகிறார்கள் என்று பிள்ளையவர்கள் கையசைத்தார். முன்னால் இழுப்பவர்களை அவர் பார்க்கவில்லை. என்ன வேகம் என்று மட்டும் வியந்தார்.

தெற்கு ரதவீதி திரும்பும்போது ஜேசுதாசன் பக்கவாட்டில் சற்றுப் பின்னாலிருந்து படம் எடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை அந்தப் படத்திலிருந்து ஒரு துண்டு சபைக்கு வந்தது. குனிந்த முதுகு இரண்டு, ஆல்பாகாக் கோட்டுப் போட்டு, வியர்வையில் கறுத்துப் பளபளவென்று. வலது முதுகில் அவிழ்ந்து தொங்கும் குடுமி. ஒரு கம்பு. ஓரத்தில் ஒரு விளக்கு. தலையும் காலும் வெட்டில் போய்விட்டன.

ஆவுடைநாயகம் தன் கோட்டின் கிழிசலைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். வக்கீல் தன்னிச்சையாகத் தன் குடுமியைத் தொட்டுக்கொண்டார். பிள்ளையவர்கள் மட்டும் வெகுநேரம் பார்த்தார்.

“இது மோட்டாரே இல்லவே. குதிரை” என்றார்.

“குதிரைதான் ஐயா” என்றார் ஆவுடைநாயகம்.

“இடது பக்கம் நிக்கது சண்டி. தோளே குடுக்கல பாரும்.”

ஆவுடைநாயகம் கோட்டின் கிழிசலைக் கையால் மூடிக்கொண்டார். பென்ஷனுக்கு இன்னும் காலம் இருந்தது. “சண்டிதான் ஐயா. பொறக்கும்போதே அப்பிடி” என்றார்.

“வலது பக்கத்துப் பிடரி மயிரைப் பாருங்கோ. அரபிக் குதிரை, நல்ல ஜாதி” என்று வக்கீல் அடக்கமாகச் சொன்னார்.

பிள்ளையவர்கள் பார்வை விளக்குக்குப் போயிற்று. டைம்லரில் பார்த்த அதே விளக்கு. குதிரை இழுக்கிற வண்டியை மோட்டார் என்று சொன்ன முட்டாள் எவன் என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை என்று சபை ஏகமனதாகத் தெரிவித்தது. பழைய அட்டையில் மறுபடி ‘ஜட்கா’ ஏறியது. அன்று சாயங்காலமே குல்கந்து பவுண்டிலிருந்து வெளியே வந்தது. ஜமீலா பீவி அதைக் கட்டிக்கொண்டு நடுத்தெருவில் அழுதாள். ஜேசுதாசன் அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டார்.

ஆனால் கச்சேரி இத்தோடு விடுமா? பவனி நடந்த அன்று குல்கந்து பவுண்டில் இருந்தது. படத்திலோ இரண்டு குதிரைகள். அப்படியானால் ஊருக்குள் கணக்கில் வராத குதிரைகள் திரிகின்றன. அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்க ஆவுடைநாயகமே நியமிக்கப்பட்டார். சிறிது காலம் மும்முரமாகத் தேடிவிட்டு, குதிரைகள் இரண்டும் அகப்பட்டன, சாதுவானவை, சபையின் பராமரிப்பிலேயே இருக்கின்றன என்று அவர் ஐயாவின் சமூகத்தில் தெரிவித்துக்கொண்டார். பிள்ளையவர்கள் மனமிரங்கி, இரண்டுக்கும் சர்க்கார் செலவில் கொள்ளு தரச் சொன்னார்.

ஆவுடைநாயகம் வீட்டிலும் வக்கீல் வீட்டிலும் கொள்ளு ரசம் மணக்க ஆரம்பித்தது. மணம் தெருவைத் தாண்டியது. சக்கரம் தள்ளிய அங்கத்தினர்கள் கூடி, தாங்களும் அன்றைக்குக் குதிரைகளாகவே இருந்ததாகவும், படத்தில் விழாதது தங்கள் குற்றமல்ல என்றும் மனுக் கொடுத்தார்கள். பவனியை வேடிக்கை பார்த்தவர்கள், கூட ஓடியதாகச் சாட்சியோடு மனுக் கொடுத்தார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களும் கொடுத்தார்கள். மனுக்கள் பரிசீலனையில் இருக்கின்றன.

பேட்டைப் பக்கம் போகவேண்டியிருந்தால் காஜா முகைதீன் வண்டியில் ஏறுங்கள். இந்த ஊரில் கொள்ளுக்கு மனுப் போடாத குதிரை அது ஒன்றுதான்.