கல்வாழைப் பாத்தியும் மாமா குடித்த தம்ளரும்

அன்புக்கும் அறிவுக்கும் உரிய அக்கா மகளுக்கு மாமா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். கல்வாழை எங்களைவிட நலம். உன் உடம்பும் உத்தியோகமும் செழிப்பாக இருக்க வேண்டும்.

நீ கொல்லையில் சரளைக்கல் கொட்டி, கல்வாழையும் நாணலும் நட்டு, வீட்டுக் கழிவுநீரை அதற்குள் திருப்பிவிட்டு வேலைக்குப் போனாய். அதற்குக் காவல் நான். மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டிக்கும் நான்தான். இரண்டிலும் ஒரு குறை வைத்தவன் இல்லை. இந்த வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் நாணல் என் தலையைத் தாண்டிவிட்டது. நான் ஒரு முறை முறைத்ததால்தான் அங்கேயே நின்றது, இல்லாவிட்டால் மாடியேறியிருக்கும். பக்கத்து வீட்டு டெய்லர் மட்டும், "சாக்கடைக்கு யாராவது தோட்டம் போடுவாங்களா? கொசு பிடுங்குது" என்று புகார் கொடுத்துவிட, முந்தாநாள் சுகாதார ஆய்வாளரே வந்து நின்றார். நாற்றமோ கலங்கலோ கொசுவோ இருந்தால் மண்ணடித்து மூடிவிடுவாராம். உன் அம்மா, "எம்பொண்ணு கல்லு கல்லாக் கழுவிப் போட்டது சார்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

நான் விடுவேனா. "சார், தண்ணி கல்லுக்கு அடியிலயே ஓடுது, மேல சொட்டு நிக்காது. முட்டை போட வர்ற கொசு ஏமாந்து திரும்புது. டெய்லர கடிச்சது வேற ஊர்க் கொசு. வேர்ல இருக்கிற கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க அழுக்கத் தின்னுடும், எல்லாம் நான் பழக்கி வெச்சது" என்றேன். அவர் குனிந்து மோந்து பார்த்தார். மண்வாசனைதான். உடனே நான் பாத்தியின் கடைசியில் தண்ணீர் வெளியேறும் குழாயில் பிடித்த எவர்சில்வர் தம்ளரை எடுத்து, அவர் கண்ணெதிரே மடமடவென்று பாதியைக் குடித்தேன். மனிதர் வெளுத்துப்போனார்.

"பெரியவரே, இது செடிக்கு ஊத்தற தண்ணி, குடிக்கிறதில்ல" என்று மீதியைப் பிடுங்கி ஒரு சீசாவில் ஊற்றிக்கொண்டார். குழாயில் தன் கையாலேயே இன்னொரு சீசாவும் பிடித்துக்கொண்டார். மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்த டெய்லர், "பூ என்னமோ நல்லாத்தான் இருக்கு, ஒரு கிழங்கு குடுங்களேன்" என்றார்.

இந்த மூளையெல்லாம் உனக்குத் தாய்மாமன் வழி வந்தது. நீ போடும் பாத்தியெல்லாம் பூத்து, உன் பேரும் கூடவே என் பேரும் ஓங்கட்டும்.

இப்படிக்கு,
பாத்திக் காவலர்,
உன் மாமா

பி.கு.: உறையை ஒட்டும்போது ஆய்வாளர் போன் செய்தார். குழாய்த் தண்ணீர் பளிங்காம். பாத்தியை மூட வேண்டாம், மற்றவர்களையும் கூட்டி வந்து காட்டப் போகிறாராம். "ஆனா அந்தத் தம்ளர்த் தண்ணியில கொசுப்புழு நெளியுதே, அது எந்தச் சாக்கடை?" என்றார். உன் பாத்தியை நம்பாமல் சமையலறைக் குழாயில் நான் முன்கூட்டியே பிடித்து வைத்த தம்ளர் அது. மாடித் தொட்டித் தண்ணீர். உன் அம்மா பிரஷ்ஷோடு ஏணிக்கடியில் நிற்கிறாள். தொட்டிக்குள் நாணல் நடலாமா என்று உடனே பதில் எழுது.