முள்ளில்லாத மீன்

மீனைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாத ஊர்கள் என்று சில உண்டு. தூத்துக்குடி அதில் முதல் வரிசை. இங்கே கோர்ட்டில் பொய் சாட்சி சொல்லித் தப்பித்தவர்கள் இருக்கலாம். பழைய மீனைப் புதுசு என்று சொல்லித் தப்பித்தவர் கிடையாது. இந்த ஊரில் பிறந்து, இந்த ஊர் மீனைத் தின்று வளர்ந்த நான், நாற்பது வருடம் விசைப்படகுத் தொழில் செய்த ஒரு மனிதரிடம், அதுவும் அவர் மகளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், உலகத்திலேயே இல்லாத ஒரு மீனைப் பற்றிக் கதை அளந்தேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை. கப்பலில் வந்த சரக்குக்குக் கஸ்டம்ஸில் பேப்பர் போட்டு, வெளியே எடுத்து, லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டும். யோகோகாமாவிலிருந்து பழைய மெஷின்கள் கண்டெய்னரில் வரும். எனக்கும் ஜப்பானுக்கும் இருந்த ஒட்டு உறவு அவ்வளவுதான். ஆனால் சம்பந்தம் பேசப் போன என் சித்தப்பா, "பய ஜப்பான்காரன் கூடத்தான் தெனமும் வேலை பாக்கான்" என்று பெண் வீட்டில் ஒரே போடாகப் போட்டுவிட்டு வந்திருந்தார். நான் மறுத்திருக்கலாம். (மறுக்கவில்லை. கண்ணாடி முன் நின்று இடுப்பை வளைத்து வணங்கிப் பழகினேன்.)

பெண்ணின் பெயர் பிரிசில்லா. சென்னையில் பேங்க் வேலை. வெள்ளிக்கிழமை காலை வந்து மறுநாள் சாயங்காலமே திரும்புகிறாள் என்பதால், வெள்ளி மதியம் அவளையும் அவள் அப்பா அம்மாவையும் நான் வெளியே சாப்பிடக் கூட்டிப்போவது என்று ஏற்பாடு. பேசிப் பார்த்துப் பிடித்திருந்தால் மேற்கொண்டு நிச்சயதார்த்தம். அந்தச் சாப்பாட்டில்தான் என் வாழ்க்கையே இருந்தது.

சிக்கல் என்னவென்றால், அது ஈஸ்டருக்கு முந்தைய தவசு காலத்து வெள்ளி. எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் அன்றைக்குச் சுத்தபோசனம், கறி கிடையாது. பிரிசில்லாவின் அம்மா ரோஸ்லின் மாமி அதற்கும் ஒரு படி மேலே. மகளுக்கு நல்ல வரன் அமைய வேண்டும் என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டு, தவசு தொடங்கிய நாளிலிருந்து ஈஸ்டர் வரை ஒரு நாள்கூடக் கறி தொடுவதில்லை என்று இருந்தார். வீட்டிலேயே கறி கிடையாது. அவர் வீட்டுக்காரர் கஸ்பார் மாமாவும் நேர்ச்சைக்குள் அடக்கம். அவரிடம் யாரும் கேட்கவில்லை. மீன் மட்டும் உண்டு. திருச்சபையின் கணக்கில் மீன் கறியில் சேராது. எங்கள் கடற்கரைக்கு இதைவிடப் பெரிய சலுகையை யாரும் கொடுத்ததில்லை.

அப்போதுதான் ஊரில் ஒரு ஜப்பான் ஓட்டல் திறந்திருந்தது. பதினைந்து வருடம் கப்பல்களில் சமையல்காரராக இருந்துவிட்டுத் திரும்பிய முருகேச அண்ணாச்சி, ஆறு மேஜை போட்டு, வாசலில் சிவப்புக் காகித விளக்கு தொங்கவிட்டு நடத்தினார். ஜப்பான் என்றால் மீன். மீன் என்றால் சுத்தபோசனம். ஜப்பான் என்றால் நான். இதைவிட என்ன பொருத்தம் வேண்டும் என்று நினைத்தேன்.

முதலில் சுஷி வந்தது. (பக்கத்தில் வைத்திருந்த, மூக்கைப் பிளக்கும் காரமுள்ள பச்சை விழுதைத் துவையல் என்று அள்ளித் தின்றிருப்பேன் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். இல்லை. அதை வீடியோவில் பார்த்து வைத்திருந்தேன். பார்த்தது அந்த ஒரு வீடியோதான்.) கஸ்பார் மாமா சோற்றின் மேலிருந்த சிவப்புத் துண்டை விரலால் அழுத்தினார். மோந்து பார்த்தார்.

"சூரை" என்றார். "நேத்துச் சாயங்காலம் கரைக்கு வந்தது. மீனு நல்ல மீனுதான். ஆனா சூரையப் போயி இப்படிப் பட்டுச்சேலை கட்டில்லா உக்கார வச்சிருக்கான்."

மாமி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏளா பிரிசி, இது வேகவே இல்லியே. கேஸு தீந்துட்டா என்னன்னு கேளு."

"ஜப்பான்ல இப்படித்தான் மாமி" என்றேன். (நிச்சயம் ஆவதற்கு முன்பே மாமி என்று கூப்பிட ஆரம்பித்தது என் அவசரம்.)

"இருக்கட்டும் தம்பி. நீங்க சாப்புடுங்க. நான் தண்ணி குடிச்சுக்கிடுதேன்."

வருங்கால மாமியாரைப் பச்சைத் தண்ணீரோடு வீட்டுக்கு அனுப்பினால் விடியுமா? மெனு கார்டைப் பாய்ந்து எடுத்தேன். சூடான பதார்த்தம் என்று அதில் இருந்தது ஒன்றே ஒன்று: டோன்கொட்சு ராமென்.

"டோன்கொட்சுன்னா என்ன?" என்று பிரிசில்லா கேட்டாள்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நாலு எழுத்து. எழுந்து போய் அடுப்படியில் இருந்த அண்ணாச்சியிடம் கேட்டிருக்கலாம், பத்தடி. ஆனால் ஜப்பான்காரனோடு தினமும் வேலை பார்க்கிறவன் கேட்பானா?

"அது ஒரு மீனு" என்றேன்.

மாமி நிம்மதியாக மூச்சு விட்டார். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எந்தக் கடல்ல கெடைக்கும்?"

"ஆழ்கடல் மாமா. நம்ம பக்கம் வராது."

"எத்தன பாகத்துல?" (கடல்காரர்கள் ஆழத்தைப் பாகத்தில்தான் சொல்வார்கள். ஒரு பாகம் ஆறடி.)

"நானூறு."

"வலையா, தூண்டிலா?"

"தூண்டில் மாமா."

"நானூறு பாகத்துல தூண்டில்." மாமா மெதுவாகத் தலையாட்டினார். "இரை என்ன கொளுத்துவான்?"

"கணவா."

"செதில் உண்டா?"

"சின்னச் சின்னதா இருக்கும்."

அப்போது எனக்கு இருந்த தைரியத்துக்கு, அந்த மீனின் குடும்ப விவரம் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பேன்.

கிண்ணங்கள் ஆவி பறக்க வந்தன. பால் நிறத்தில் ரசம், அதில் நூடுல்ஸ், இரண்டு பெரிய துண்டுகள், மேலே சுருள் சுருளாகத் தூவிய ஏதோ ஒன்று. மாமி குனிந்து மோந்தார். "மாசி வாசமால்லா வருது!" சூரையைக் காயவைத்துச் செய்யும் மாசிக் கருவாடு எங்கள் அடுப்படிகளில் எப்போதும் இருப்பது. அந்த வாசனை வந்ததும் மாமிக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போய்விட்டது. சிலுவை போட்டுச் செபம் சொல்லிவிட்டு ஒரு கரண்டி குடித்தார். கண்ணை மூடினார். அடுத்த கரண்டி. அதற்கு அடுத்து கரண்டியை வைத்துவிட்டுக் கிண்ணத்தையே தூக்கிவிட்டார்.

"தம்பி, சுத்தபோசனத்துல இம்புட்டு ருசி இருக்கும்னு இத்தன வருசமாத் தெரியாமப் போச்சே!"

மாமா ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்தார். "என்னவே, இதுல முள்ளே காணோம்?"

"அவ்வளவு ஆழத்துல முள்ளு தேவைப்படாது மாமா."

மேஜைக்கு அடியில் பிரிசில்லா என் காலை ஓங்கி மிதித்தாள். அதை நான் காதல் என்று எடுத்துக்கொண்டேன். (அவள் மடியில் போனை வைத்து டோன்கொட்சு என்றால் என்ன என்று தேடிப் பார்த்திருக்கிறாள் என்பது பின்னால்தான் தெரிந்தது.) மறுபடி மிதித்தாள். நான் வெட்கத்தோடு சிரித்தேன். அதற்குள் மாமி கிண்ணத்தைக் காலி செய்துவிட்டார். மாமா உதட்டைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு கிண்ணம் சொல்லு மாப்ள" என்றார். மாப்ள! சம்பந்தம் முடிந்துவிட்டது என்று நான் முடிவு கட்டிய நேரம் அது.

மாமிக்குப் பக்குவம் கேட்க வேண்டும் என்று ஆசை. அண்ணாச்சியைக் கூப்பிட்டார். அவரும் துண்டில் கை துடைத்தபடி முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"இந்த மீனு எங்கன வாங்குனிய?"

"எந்த மீனுக்கா? மேல தூவுனதா? அது மாசி."

"அது தெரியுது. ரசத்துல கெடக்கது."

நான் மாமியின் முதுகுக்குப் பின்னால் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். அண்ணாச்சி அதை உற்சாகப்படுத்துவதாக எடுத்துக்கொண்டார்.

"அது பன்னிக்கா! நேத்து மத்தியானம் எலும்ப அடுப்புல ஏத்துனேன், இன்னைக்குக் காலைலதான் எறக்குனேன். எலும்புக்குள்ள இருக்கதெல்லாம் கரைஞ்சு பால் மாதிரி வந்துரும் பாத்தியளா. துண்டு, பன்னி வயித்துக்கறி. தூத்துக்குடியில வேற எவன் போடுதான் சொல்லுங்க?"

மாமி கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"முப்பத்தோரு நாளு" என்றார். கண் கலங்கிவிட்டது.

எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மகளுக்காக ஒரு தாய் முப்பத்தோரு நாள் கட்டிக் காத்ததை, தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு நான் பாழாக்கிவிட்டேன். எல்லாவற்றையும் கொட்டினேன். ஜப்பானைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது, கண்டெய்னருக்குப் பேப்பர் போடுகிறேன், அந்த மீனே கிடையாது. கணவாய் இரை உட்பட எல்லாம் சொன்னேன்.

"மாப்பிள்ள கெடைக்கணும்னு இருந்த நேர்ச்சைய மாப்பிள்ளையே முறிச்சிட்டாரே. மாதா என்ன சொல்லுதான்னு எனக்கு வெளங்கலியே" என்று மாமி மூக்கை உறிஞ்சினார்.

பதில் பிரிசில்லாவிடமிருந்து வந்தது. "முறிச்சவரே முதல்ல இருந்து நேர்ச்சை இருக்கட்டும்மா. இன்னையிலேருந்து நாப்பது நாள் கறி தொடக் கூடாது. இருந்தாருன்னா மேல பேசுவோம். அதுக்கப்புறம் ஒரு பொய் சொன்னாலும் அத்தோட சரி."

இருந்தேன். ஈஸ்டர் தாண்டியும் மூன்று வாரத்துக்கு மேல் பாக்கி இருந்தது. நடுவில் நண்பன் கல்யாணத்துப் பிரியாணியைத் தயிர்ப் பச்சடி மட்டும் தின்று கடந்தேன். ஈஸ்டர் அன்று அவர்கள் வீட்டில் விருந்து. எல்லார் இலையிலும் ஆட்டுக்கறி, கோழி. என் இலையில் நெத்திலிக் குழம்பு. மாமி எதிரே உட்கார்ந்து காவல் காத்தார்.

கை கழுவப் போனபோது கஸ்பார் மாமா பக்கத்தில் வந்து நின்றார். "மொத வாயிலயே தெரிஞ்சுட்டு மாப்ள."

"எது மாமா?"

"பன்னின்னு. அம்பது வருசமாத் திங்கேன், தெரியாதா? நானூறு பாகத்துல நீ தூண்டில எறக்கும்போதே அப்படி ஒரு மீனு கெடையாதுன்னும் தெரியும். எதுவரைக்கும் போறன்னு பாத்தேன்."

"பெறவு ஏன் மாமா சொல்லல?"

"முப்பத்தோரு நாளு மாப்ள" என்றார். மாமி சொன்ன அதே வார்த்தைதான். ஆனால் இந்தக் குரலில் இருந்த பசியே வேறு. "சொன்னா கிண்ணத்தத் தூக்கிட்டுப் போயிருவால்லா. அவகிட்ட மூச்சு விட்டுராத."

கல்யாணம் ஆகி ஒன்பது வருடமாகிறது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உறவுக்காரர்கள் கூடும்போது மாமி இந்தக் கதையை என்னைப் போலவே நடித்துக் காட்டுவார். "அஞ்சு நிமிசத்துல வந்துருதேன்" என்று நான் போனில் சொன்னால், "எத்தன பாகத்துல இருக்கிய?" என்று பிரிசில்லா கேட்பாள். கிறிஸ்துமஸ் சிரிப்பில் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பது மாமாதான். கடைசியில் மறக்காமல், "எனக்கே தெரியாமப் போச்சே பாரேன்" என்று ஒரு பெருமூச்சு விடுவார். மாமியும் அவர் தோளைத் தட்டி, "நீங்க என்ன செய்விய பாவம்" என்பார். நானும் ஒன்பது வருடமாக வாயைத் திறக்கவில்லை.

ஆனால் பொய் கூடாது என்பது எனக்குப் போட்ட நிபந்தனை. அது இன்னும் அமலில் இருக்கிறது. தவிர, நான் எழுதுவதை மாமி கண்ணாடியைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு வரி விடாமல் படிப்பவர். மாமா, என்னை மன்னிக்க வேண்டும். நாற்பது நாள்தான், ஓடிவிடும். மீனுக்குத் தடையில்லை.