மேகவர்ணனும் மூலைத் தூணும்

நாற்பத்தொன்பது கிலோ எடையுள்ள ஒருவன் கதை எழுத உட்கார்ந்தால், அவனுடைய கதாநாயகன் மலை மாதிரிதான் இருப்பான். அதோடு விட்டிருக்கலாம். பள்ளியில் கணக்குப் பாடம் என்னைப் படுத்திய பாட்டுக்குப் பழிவாங்க, அவனை விஞ்ஞானியாகவும் ஆக்கிவிட்டேன்.

பெயர் மேகவர்ணன். செல்போன் கதைச் செயலி ஒன்றில் வாரத் தொடராக எழுதிவந்தேன். இடியும் சுரங்கத்தின் பாறையை வலது தோளில் தாங்கிக்கொண்டே, அது விழ எத்தனை நொடி ஆகும் என்று இடது கையால் சுவரில் கணக்குப் போடுவான். (தாங்கிக்கொண்டிருக்கிற பாறை ஏன் விழ வேண்டும் என்று ஒரு வாசகர்கூடக் கேட்கவில்லை. நல்ல மனிதர்கள்.) மற்றபடி நான் பெரியகுளத்தில் ஓர் அலுவலகத்தில் தபாலுக்கு எண் போடுகிறவன்.

அப்போதுதான் அம்மாவும் நானும் கம்பம் பக்கம் பெண் பார்க்கப் போனோம். தேன்மொழி விவசாயம் படித்துவிட்டு, அப்பாவோடு திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டோவிலேயே எனக்குப் பிடித்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில் கேசரித் தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

"மேகவர்ணன் கதை நீங்க எழுதுறதுதானா? நான் ஒரு வாரமும் விடமாட்டேன்" என்றாள்.

அந்த நொடியே என் புத்தி கழன்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்து வேலைக்கார அக்கா ஓடிவந்தார். "ஐயா, மூலைத் தூணு சாயுது!"

எல்லோரும் வீட்டுக்குப் பின்னால் ஓடினோம். முந்தின நாள் மழையில் மண் இளகி, காய் பாரத்தில் திராட்சைப் பந்தலின் மூலைக் கல்தூண் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது. வெளியே மண்ணில் புதைத்த கல்லோடு அதை இழுத்துக் கட்டியிருந்தது ஒரு கம்பி.

"டிராக்டரக் கொண்டாரேன். தம்பி, அந்தக் கம்பிய மட்டும் தொடாதீக" என்று சொல்லிவிட்டுப் போனார் தேன்மொழியின் அப்பா. அவள் முட்டுக்கொடுக்கக் கவைக்கம்பு எடுக்கப் போனாள்.

நான் தூணைச் சுற்றிவந்தேன். மேகவர்ணனாக யோசித்தேன். இத்தனை விறைப்பாக இருக்கிற கம்பிதான் தூணுக்குக் கூடுதல் சுமை. அதை அவிழ்த்தால் தூண் லேசாகிவிடும். பிறகு தோளால் நிமிர்த்திவிடலாம். அங்கே கிடந்த கட்டிங் பிளேயரால் முறுக்கைப் பிரித்தேன். கடைசி முறுக்கை நான் பிரிக்கத் தேவையிருக்கவில்லை, அதுவே பிரிந்துகொண்டது.

பந்தல் தடாலென்று விழவில்லை. யோசித்து யோசித்து, நிதானமாக என் மேல் வந்து உட்கார்ந்தது.

"ஏலே, எங்கடா இருக்க?" இது அம்மா.

"இங்கனதான்மா" என்றேன், இலைகளுக்குள்ளிருந்து.

ஓடிவந்த தேன்மொழி பந்தல் கம்பிகளுக்கடியில் தோளைக் கொடுத்து மொத்தமாகத் தூக்கி, கவைக்கம்பை நட்டாள். பிறகு என் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தாள். டிராக்டர் வந்ததும், தூணையும் தரையையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"நேரா இழுக்காதீகப்பா, பக்கத்துத் தூணும் வந்துரும். கயித்த அந்த வேம்பச் சுத்திக் கொண்டுபோங்க."

அவர் இழுக்க, இவள் தோள் கொடுக்க, அரைமணி நேரத்தில் தூண் நிமிர்ந்துவிட்டது. பலமும் மூளையும் ஒரே ஆளிடம் இருப்பதை அன்றுதான் நேரில் பார்த்தேன். என் தலையில் திராட்சைச் சாறு வடிந்துகொண்டிருந்தது.

"பழைய கம்பி, அந்துபோச்சு போல" என்றார் அவள் அப்பா, உதிர்ந்த காய்களைப் பார்த்தபடி.

தப்பித்திருக்கலாம். ஆனால் அந்தக் காய்களை அவர் பார்த்த விதம் என்னால் தாங்க முடியவில்லை. வெட்கத்தில் கண் கலங்கிவிட்டது.

"அந்துபோகலைங்க. நான்தான் அவுத்தேன்."

அம்மா பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். நானும் வாசல்வரை வந்தபோது பின்னால் தேன்மொழியின் குரல் கேட்டது.

"அப்பா, இவருக்குக் கம்பியும் தெரியல, கல்லும் தெரியல. ஆனா பொய் சொல்லத் தெரியல. எனக்குச் சம்மதம்."

கல்யாணத்துக்குப் பிறகு மேகவர்ணனுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, தூணைத் தோளால் நிமிர்த்தும் ஒருத்தியைக் கதாநாயகி ஆக்கினேன். 'கொஞ்சம் நம்புகிற மாதிரி எழுதுங்கள்' என்று வாசகர்கள் கோபித்துக்கொண்டார்கள்.

இன்றும் மாமனார் வீட்டில், குளித்துவிட்டு ஈரத்துண்டைக் காயப்போட மாடிக்கு ஏறுவேன். கொடிக்கம்பியில் கை வைப்பதற்குள் கீழேயிருந்து குரல் வரும்:

"மாப்ள, அந்தக் கம்பிய மட்டும் தொடாதீக!"