திட்டியதற்குக் கிடைத்த பொன்னாடை

என் வாழ்க்கையில் இதுவரை எனக்கு ஒரேயொரு பொன்னாடைதான் கிடைத்திருக்கிறது. அதைப் போர்த்தியவர், அதற்கு முந்திய பத்து நிமிடமும் நான் யாரைக் கிழித்துக்கொண்டிருந்தேனோ அதே மனிதர். கிழிக்கிறேன் என்பது அவருக்கு விளங்கவில்லை. மண்டபத்தில் இருந்த ஒருவருக்கும் விளங்கவில்லை.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பல்கலைக்கழகத்துக்கு முந்திய கல்லூரியில் இரண்டாம் வருடம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். (அம்மா எட்டாம் வகுப்பு, அப்பா ஐந்து. அதற்கு மேல் படிக்க அவர்களை ஊர்ப் போரின் ஷெல்லடி விடவில்லை; பிறகுதான் இந்த நாட்டுக்கு வந்தார்கள்.) அப்படிப்பட்டவன் கையில் புதிதாக ஒரு சொல் அகப்பட்டால் ஊருக்கே ஆபத்து. எனக்கு அகப்பட்ட சொல் அங்கதம்.

இருநூறு முந்நூறு வருடங்களுக்கு முன்னால், உலகத்தில் நடப்பதெல்லாம் நல்லதற்கே என்று சொல்லித் திரிந்த தத்துவக்காரர்களையும், அதைச் சொல்லியே வயிறு வளர்த்த மதகுருமாரையும் பிரெஞ்சு எழுத்தாளர்கள் எப்படி உரித்துத் தொங்கவிட்டார்கள் என்று எங்கள் இலக்கிய ஆசிரியை ஒரு தவணை முழுக்கப் படிப்பித்தார். வழி மிகச் சுலபம். எதிர்த்துப் பேசாதே; அவர்கள் சொல்வதையே இன்னும் நாலு மடங்கு உற்சாகமாகச் சொல். கேட்கிறவர்களுக்கு முதலில் சிரிப்பு வரும், பிறகு கோபம் வரும். வகுப்பே சிரித்தது. எனக்கு மட்டும் நேராகக் கோபம் வந்தது, ஏனென்றால் எனக்கு எங்கள் கோயில் தலைவரின் முகம் தெரிந்தது.

தலைவர் நகரத்தின் பணக்காரப் பகுதியான இல்-பிசாரில் தனி வீட்டில் இருக்கிறவர். துறைமுகத்துக்குப் பக்கத்திலுள்ள ஒரு கிடங்குக்கு ஆட்கள் அனுப்புவது அவருடைய தொழில். அப்பா அந்த ஆட்களில் ஒருவர். கொள்கலனில் இருந்து பெட்டி இறக்கும்போது ஒரு அடுக்கு சரிந்து அப்பாவின் முதுகில் விழுந்தது. மூன்றாம் நாள் தலைவர் விபூதிப் பொட்டலத்தோடு செயின்ட்-மிஷேலில் எங்கள் பேஸ்மென்டுக்கு வந்தார்.

"எல்லாம் நல்லதுக்குத்தான் தம்பி. பெரிய கண்டமொண்டு முதுகோடை போட்டுது. முருகன் உனக்கு ஓய்வு தந்திருக்கிறான்" என்றார். தேத்தண்ணீர் குடித்து எழும்பும்போது, விபத்துக்கு நட்டஈடு கேட்டு அரசாங்கத்துக்கு எழுதுகிற பழக்கம் எங்கள் ஆட்களுக்கு அழகில்லை என்றும், எங்கள் ஆளை நாங்களே மாட்டிவிடக்கூடாது என்றும் மெதுவாகச் சொன்னார்.

நான் எடுத்து வந்த நட்டஈட்டுப் படிவத்தை அப்பா குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் முருகன் படக் கலண்டருக்குக் கீழே வைத்தார். அது அங்கேயே கிடந்தது. அதை அனுப்பினால்தான் முதுகுக்கு ஒழுங்கான சிகிச்சை. அனுப்பாவிட்டால் விபூதி. அனுப்பக் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. நானும் மாதக்கணக்காகத் தொழிலாளர் உரிமை, சுரண்டல், கருத்தியல் மேலாதிக்கம் என்று அப்பாவுக்கு விளக்கினேன். (கருத்தியல் மேலாதிக்கம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அப்பா குறட்டை விடுவார்.)

அந்த வெள்ளிக்கு முந்திய ஞாயிறு கோயிலில் திருவிழா. மதியப் பூசைக்கும் அன்னதானத்துக்கும் இடையில் 'இளையோர் உரை' என்று ஒன்று உண்டு. அந்த வருடம் என்னைக் கேட்டார்கள். தலைப்பைத் தலைவரே கொடுத்தார்: நடப்பதெல்லாம் நன்மைக்கே. கடவுளே மேடை போட்டுத் தந்ததுபோல் இருந்தது. (கடவுளை நம்பாத நாட்கள் அவை. ஆனாலும் நன்றி சொன்னேன்.)

ஏறிப் பேசினேன். முருகன் முதுகெலும்பைத் துண்டு துண்டாகப் படைத்தது அது விலகட்டும் என்றுதான். விலகாத முதுகுக்காரன் எப்போதாவது சாமி முன் குனிந்திருக்கிறானா என்று கேட்டேன். பெட்டி விழுந்த பிறகுதானே என் அப்பாவுக்கு ஐந்து மணிக்கு எழும்பும் கொடுமை நின்றது என்றேன். பெட்டிகளின் பாரத்தை ஒவ்வொருவரின் பக்திக்கும் அளந்துதான் மேலே தீர்மானிக்கிறார்கள், ஆகவே அதிக பாரம் தூக்குகிறவர்கள் தலைவருக்கு நன்றி சொல்லவேண்டும் என்றேன். ஒவ்வொரு வரிக்கும் இடைவெளி விட்டேன், சிரிப்புக்காக.

சிரிப்பு வரவில்லை. முன்வரிசையில் ஒரு அன்ரி கண்ணைத் துடைத்தா. ஒருவர் "உண்மைதான் தம்பி" என்றார். நான் இன்னும் மிகைப்படுத்தினேன். கைதட்டல் கூடியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: போன வருடம் இதே மேடையில் ஒருவர் இதைவிட மோசமாக, முழு நம்பிக்கையோடு பேசியிருந்தார். அந்த மண்டபத்தில் மிகைப்படுத்த இடமே மிச்சம் இல்லை.

தலைவர் பொன்னாடையோடு வந்து போர்த்தினார். அதுகூடப் பரவாயில்லை. முதுகில் பட்டி கட்டி நாற்காலியில் இருந்த அப்பா மெல்ல எழும்பினார். கண் கலங்கியிருந்தது.

"அண்ணை, அந்த நட்டஈட்டுப் போம் நான் அனுப்பேல்லை. பிள்ளை சொன்னதிலை இப்ப எனக்கு எல்லாம் விளங்கீட்டுது. வீட்டை போய்க் கிழிச்சுப் போடுறன்."

மாதக்கணக்கில் தலைவரால் முடியாததை நான் பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்திருந்தேன்.

ஒலிவாங்கியைத் திரும்பப் பிடுங்கினேன். "அப்பா, கிழிக்காதேங்கோ. நான் சொன்னது முழுக்கப் பகிடி. இந்தத் தலைவர்..."

தலைவர் மேளக்காரர் பக்கம் திரும்பிச் சுட்டுவிரலை ஆட்டினார். கெட்டிமேளம். தாலி கட்டும்போது தும்மலும் அழுகையும் கேட்கக்கூடாதென்று அடிக்கிறார்களே, அதே மேளம். நிறுத்தியதும் "உங்கடை முதுகு..." என்றேன். மறுபடி கெட்டிமேளம். "போமை..." என்றேன். கெட்டிமேளம். நான் பெரிய பக்திப் பரவசத்தில் இருப்பதாக நினைத்துச் சிலர் கும்பிட்டார்கள். மேடையை விட்டு இறங்க மறுத்து ஒரு எட்டு முன்னால் வைத்தேன். பொன்னாடையின் குஞ்சம் ஒலிவாங்கித் தண்டில் சிக்கியது. தண்டு சாய்ந்து, மேடையோரம் இருந்த பஞ்சாமிர்த அண்டாவுக்குள் தலைகீழாகப் போனது. அதன்பிறகு மேளம் தேவைப்படவில்லை.

அன்னதானம் இல்லாமலே பஸ் தரிப்பிடத்தில் நின்றோம். பொன்னாடை இன்னும் என் தோளில்தான் இருந்தது. அம்மா சோற்றை நினைத்துப் பெருமூச்சு விட்டா. அப்பா கேட்டார்: "மேளத்துக்குள்ளை என்னடா கத்தினனீ? ஒண்டும் கேக்கேல்லை."

என்னிடம் அங்கதம் தீர்ந்துபோயிருந்தது. "பெட்டியை முருகன் தள்ளேல்லை அப்பா. ரெண்டுபேர் செய்யிற வேலையை உங்களைத் தனியச் செய்யவிட்டது தலைவர். உங்கடை முதுகு ஒரு நல்லதுக்காகவும் உடையேல்லை. சும்மா உடைஞ்சது."

அப்பா பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதைத்தானோ இத்தனை மாசமாச் சொல்லிக்கொண்டிருந்தனீ?"

"ஓம்."

"அப்ப ஏன்ரா விளங்கிற மாதிரிச் சொல்லேல்லை?"

அன்று பின்னேரமே சமையலறை மேசையில் அப்பா கையெழுத்து வைத்தார். நான் பார்த்த கையெழுத்துகளில் மிக மெதுவானது அது. திங்கட்கிழமை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டார்கள். கோயிலில் எங்களுக்கு இப்போது அர்ச்சனைச் சீட்டுக் கொடுக்கவே யோசிக்கிறார்களாம். யோசிக்கட்டும். அந்த மாதத்துக்குள் அதே கிடங்கில் இருந்து நாலு பேர், ஒவ்வொருவராக, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்கள்: "தம்பி, அந்தப் போம் எங்கை எடுக்கிறது?" நாலையும் நானே நிரப்பினேன். ஐந்தாவது ஆள், அன்று தவில் அடித்தவர். அவரும் கிடங்கில்தான் வேலை. அடித்ததற்கு மன்னிப்புக் கேட்டார்; பெட்டி தூக்கி வீங்கிய முழங்கையைக் காட்டினார்.

பொன்னாடை வீட்டில்தான் இருக்கிறது. அப்பா அதில் வெந்நீர்ப் பையைச் சுற்றி முதுகுக்கு வைக்கிறார்; நல்ல சூடு தாங்குகிறதாம். நான் இப்போதும் சாப்பாட்டு மேசையில் எதையாவது சுற்றிவளைத்து விளக்கத் தொடங்கினால், அம்மா அகப்பையால் சட்டி மூடியில் டும்டும்டும் என்று கெட்டிமேளம் அடிக்கிறா. மூடி நெளிந்தே போய்விட்டது.

"மேளம் வர முந்தி நேராச் சொல்லு, ராசா" என்கிறா.

சொல்லிவிடுகிறேன்.