உன் அத்தான் வயிற்றுப் பிசினும் மயில்கழுத்துப் பட்டு உறையும்

சுவா சூ காங்,
சிங்கப்பூர்.

ஆயுசும் பிடிவாதமும் ஒரே அளவில் நிறைந்த என் அன்புத் தம்பி கதிரேசனுக்கு, அக்கா விசாலாட்சி மனம் நிறைந்த ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உன் அத்தானும் பேத்தி வைஷாலியும் நலம். அவ்விடம் நீ நலமா என்று கேட்பது முறை. நலமில்லை என்று தெரிந்தேதான் எழுதுகிறேன் என்பதால் அந்த முறையை இந்த ஒரு தடவை விட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

உன் மகன் அகிலன் போன் செய்தான். குடலில் கட்டியாம், ஆபரேஷன் பண்ணி வயிற்றில் பை வைத்தால் பிழைத்துக்கொள்வீர்கள் என்று டாக்டர் சொன்னாராம், நீ "வயித்துல பையைக் கட்டிக்கிட்டு அலையறதுக்குப் போய்ச் சேர்ந்துடலாம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாயாம். அத்தை நீங்கதான் பேசணும் என்று பிள்ளை அழுதான். நானும் பேசினேன். நான் "பை" என்று வாயைத் திறந்ததும் நீ "சிக்னல் இல்லக்கா" என்றாய். பேராவூரணி முழுக்கச் சிக்னல் இல்லையாம், ஆனால் அடுத்த நிமிசமே சொந்தக்காரர்கள் வாட்சப் குரூப்பில் ரோஜாப்பூ போட்டு எல்லாருக்கும் காலை வணக்கம் அனுப்புகிறாய்! அந்தக் குரூப்பில் இதையெல்லாம் எழுத முடியுமா, யாராவது படிக்காமலே கை தட்டுகிற பொம்மையைப் போட்டுவிடுவார்கள். அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் கட் பண்ண முடியாது. நம்ம பக்கத்து ஊர் சின்னத்தம்பி, இங்கே கப்பல் பட்டறையில் வேலை, லீவில் வருகிறார். நீ கடைசி வரி படித்து முடிக்கிற வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவருக்குக் காப்பி கொடு.

போன வருசம் கோயில் திருவிழாவுக்கு நாங்கள் வரவில்லை, டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொன்னேன். டிக்கெட்டெல்லாம் கிடைத்தது. உன் அத்தானுக்கும் உன்னை மாதிரியேதான், குடலில் கட்டி. ஆபரேஷன் பண்ணி வயிற்றின் இடது பக்கம் ஒரு வாசல் வைத்துவிட்டார்கள், அதற்கு ஸ்டோமா என்று பேர். அதன் மேல் பை. ஊரில் யாருக்கும் சொல்லவில்லை, இப்போது உனக்காகச் சொல்கிறேன். நான் ஐந்தாவதோடு நின்றவள்தான், ஆனால் இந்த ஒரு பாடத்தில் நீ என்னிடம் டியூஷன் வரலாம்.

தம்பி, முதன்முதலில் கட்டைப் பிரித்த அன்றைக்கு உன் அத்தான் குனிந்தே பார்க்கவில்லை. தலைக்கு மேலே உள்ள மின்விசிறியை அப்படி ஒரு பார்வை, அது இவரிடம் கடன் வாங்கித் திருப்பாத மாதிரி. நான்தான் பார்த்தேன். பயந்துகொண்டேதான் பார்த்தேன். அப்பப்பா, என்னவென்று சொல்வேன், மாதுளை மொட்டு மாதிரி சிவப்பா, ஈரமா, பளபளன்னு! குடல் தம்பி, வாழ்நாள் முழுக்க உள்ளேயே கிடந்து நாம் தின்றதையெல்லாம் வாய் பேசாமல் அரைத்த குடல், முதன்முதலில் வெளியே எட்டிப் பார்க்குது. நாம் பார்க்கும்போதே மெல்லச் சுருங்குது, விரியுது, மூச்சு விடுற மாதிரி. நர்ஸ் சிஸ்டர் நூரைனி, மலாய்க்காரப் பொண்ணு, விரலால் லேசாகத் தொட்டுக் காட்டினாள். "வலிக்காது, இதுக்கு வலி தெரியாதுலா" என்றாள், தனக்குத் தெரிந்த தமிழில், இந்த ஊர் "லா"வையும் சேர்த்து. நமக்குள்ளேயே வலி தெரியாத ஓர் இடம் இருக்கு, அது நமக்குத் தெரியாமலே இத்தனை காலம் இருந்திருக்கு. எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கும்பிட்டேன். சிஸ்டர் தன்னைக் கும்பிடுவதாக நினைத்து "இட்ஸ் ஓகே, இட்ஸ் ஓகே" என்றாள்.

ஸ்டோமா சாது. வில்லங்கம் பிசினில்தான். பையின் பின்பக்கத் தட்டைப் பிசின்தான் தோலோடு பிடித்து வைக்கிறது. மாற்றும்போது தட்டு வந்துவிடும், பிசின் வராது, வட்டமாக அப்பிக்கொண்டு நிற்கும். முதல் தடவை நான் பிளாஸ்டர் உரிக்கிற மாதிரி ஒரே இழுப்பு இழுத்தேன், உன் அத்தான் போட்ட சத்தத்தில் மேல் வீட்டுச் சீனக் கிழவி ஜன்னலைச் சாத்தினாள். மிச்சப் பிசினைத் துடைக்க டிஷ்யூ வைத்தேன், டிஷ்யூ ஒட்டிக்கொண்டது. டிஷ்யூவை எடுக்கத் துண்டு வைத்தேன், துண்டு நூல் ஒட்டியது. கடைசியில் வயிற்றில் ஒரு சின்ன மெத்தையே இருந்தது. பீர்க்கங்காய் நாரால் தேய்த்தேன், மெத்தை போச்சு, கூடவே தோலும் போச்சு. சிவந்த தோலில் புதுப் பை எப்படி ஒட்டும், ஓரம் கசிந்து எரிச்சல், எரிச்சலில் மறுபடி மாற்றம், மறுபடி பிசின். உன் அத்தான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "நான் இனி இந்த வாசலைத் தாண்ட மாட்டேன். வைஷாலி பட்டம் வாங்குறதை நீ போய்ப் பாரு" என்றார். அந்தப் பிள்ளை தாதிமைப் படிப்பு, அதாவது நர்ஸ் படிப்பு, முடித்துப் பட்டம் வாங்குகிற நாளைப் பற்றியே எத்தனை காலமாகப் பேசிக்கொண்டிருந்த மனுசர்!

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. புது எவர்சில்வர் டம்ளர் வாங்கினால் அடியில் விலைச் சீட்டு ஒட்டியிருக்கும், சீட்டு கிழிந்து வரும், பிசின் வராது, நாம் என்ன செய்வோம்? தேங்காய் எண்ணெய். பலாப்பழம் அரிந்த கைக்கு என்ன? தேங்காய் எண்ணெய். பஞ்சில் தொட்டு வட்டமாகத் தடவினேன், ஒரு கத்தல் இல்லை, ஒரு முனகல் இல்லை, பிசின் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. நான் ஒரு டாக்டராகவே ஆகிவிட்டதாக நினைத்து, துடைத்து, புதுப் பையை ஒட்டி, "கிளம்புங்க தேக்காவுக்கு, என் ரவிக்கை வாங்கணும்" என்று இழுத்துக்கொண்டு போனேன்.

டம்ளரில் எண்ணெய் தடவினால் பிறகு அதில் ஒன்றும் ஒட்டாது. வயிறும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றவில்லை பார். தேக்கா மார்க்கெட் மாடியில் அஹமது கபீர் பாய் தையல் கடை வாசலில் நிற்கிறோம், உன் அத்தான் என் முழங்கையைப் பிடித்தார் பாரு, அந்தப் பிடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பை வழுக்குது! ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மனுசர் கண்ணில் தண்ணீர். கபீர் பாய் மூஞ்சியைப் பார்த்தார், கையைப் பார்த்தார். பொம்பளைகள் ரவிக்கை போட்டுப் பார்க்கிற திரையை விலக்கி, "உள்ளே போங்க, நிதானமாப் பாருங்க, நான் வாசல்ல நிக்கிறேன்" என்றார். நல்லவேளை, கைப்பையில் மாற்றுப் பை வைத்திருந்தேன். வெளியே ஒரு அம்மா "எவ்ளோ நேரம் பாய்?" என்று சத்தம் போடுகிறாள், பாய், "உள்ள பெரிய ஆல்ட்ரேஷன் நடக்குதும்மா, கொஞ்சம் பொறுங்க" என்கிறார். உன் அத்தான் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டார். பல வாரத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அந்தத் திரைக்குள்தான் கேட்டேன்.

மறுநாளே சிஸ்டர் நூரைனியிடம் போனோம். எண்ணெயைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு ஒரு சின்ன ஸ்ப்ரே எடுத்தாள், பிசின் எடுக்கிறதற்கென்றே உள்ளது. தட்டின் ஓரத்தில் சீய்ய்ய் என்று அடித்தாள், சற்றுப் பொறுத்தாள். தட்டை இழுக்கவில்லை தம்பி, கவனி, தோலைத்தான் விரலால் கீழே அமுக்கி அமுக்கித் தட்டிலிருந்து விலக்கினாள். தூங்குற பிள்ளை பிடியிலிருந்து நம்ம புடவைத் தலைப்பை எடுப்போமே, அந்த மாதிரி. மிச்சப் பிசின் சுருண்டு உதிர்ந்தது, மருந்து தானே காய்ந்து போச்சு, எண்ணெய்ப் பசையே இல்லை. அங்கங்கே ஒட்டியிருந்த துணுக்கைச் சுரண்டப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். "கொஞ்சம் இருந்தா இருக்கட்டும், தோல்தான் முக்கியம்லா." வெதுவெதுப்பான தண்ணீர், ஒற்றித் துடைப்பு, நன்றாகக் காய வைப்பு, அவ்வளவுதான். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சந்திரனுக்குப் போனார்கள் என்றபோதுகூட எனக்கு இவ்வளவு ஆச்சரியம் இல்லை. யாரோ ஒருத்தர், முகம் தெரியாத ஒருத்தர், எங்கேயோ உட்கார்ந்து, ஊர் பேர் தெரியாத ஒரு வயிறு வலிக்கக்கூடாது என்று யோசித்து இதைக் கண்டுபிடித்திருக்கிறார் பார்!

அதோடு தீர்ந்ததா என்றால் இல்லை. வாரம் முழுக்க ஒட்டும், வெள்ளிக்கிழமை மட்டும் பை ஓரம் தூக்கும். வெயிலா, வேர்வையா, சாம்பாரா என்று சிஸ்டருக்கே புரியவில்லை. "வீட்டுல செய்றதை என் முன்னாடி செய்ங்க" என்றாள். ஸ்ப்ரே அடித்துப் பிசின் எடுத்து, கழுவித் துடைத்து எல்லாம் சரியாகச் செய்தோம். தட்டை ஒட்டப் போகிற நேரத்தில் உன் அத்தான் கண்ணை மூடினார், மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் எடுத்தார், ஒரு சிட்டிகை திருநீறு, "சிவசிவா" என்று ஸ்டோமாவைச் சுற்றி வட்டமாக, வீட்டு வாசலில் மாக்கோலம் போடுகிற பக்தியோடு பூசினார். வெள்ளிக்கிழமைதோறும் எனக்கே தெரியாமல் நடந்திருக்கு! "அங்கிள், இது என்ன பவுடர்?" என்றாள் சிஸ்டர். இவர் "காட் பவுடர்" என்றார். அவள் சிரிக்கவில்லை, கொஞ்சம் யோசித்தாள். "பவுடர் மேல பிசின் ஒட்டாது அங்கிள். முதல்ல பை, பை மேல காட். ஓகே லா?" இவருக்கு அது ரொம்பச் சரியாகப் பட்டுவிட்டது. அன்றிலிருந்து திருநீறு பையின் மேல். சாமிக்கும் கோபமில்லை, பையும் அசைவதில்லை.

கபீர் பாயிடம் நன்றி சொல்லப் போனேன். அவர் என் மயில்கழுத்து நிற ரவிக்கையில் மிஞ்சிய பட்டுத் துண்டில், பைக்கு அளவெடுத்த மாதிரி ஓர் உறை தைத்து வைத்திருந்தார், ஓரத்தில் சரிகை வேறு. அதை மாட்டிக்கொண்டு உன் அத்தான் கண்ணாடி முன் நின்று இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்ததை நீ பார்த்திருக்கணும்!

பட்டமளிப்புக்குப் போனோம். மண்டபம் முழுக்கச் சனம், ஏசி குளிர், ஒவ்வொரு பேராகக் கூப்பிடுகிறார்கள், ஊசி விழுந்தால் கேட்கும். அப்போது பார்த்து ஸ்டோமா "புர்ர்" என்றது. ஒரு வரிசையே திரும்பியது. நான் என்ன செய்தேன், பக்கத்து நாற்காலிச் சீனரை ஒரு பார்வை பார்த்தேன். பாவம், அந்த மனுசர் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு "சாரி" என்றார். அந்த நேரம் வைஷாலி பேர் கூப்பிட்டார்கள். கறுப்பு அங்கியில் மேடை ஏறி, கூட்டத்தில் எங்களைத் தேடிக் கண்டுபிடித்து, வயிற்றில் கை வைத்துக் காட்டி, "ஓகேவா?" என்று மேடையிலிருந்தே கண்ணால் கேட்டாள் தம்பி. உன் அத்தான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். இதைப் பார்க்காமல் போய்ச் சேர்ந்திருந்தால் யாருக்கு என்ன லாபம், நீயே சொல்.

இன்னொன்று. புதுத் தட்டை ஒட்டியதும் உள்ளங்கையை அதன் மேல் வைத்துச் சூடு ஏறும் வரை சும்மா இருக்கணும். சூட்டில்தான் பிசின் பிடிக்கும். ஒவ்வொரு தடவையும் நான் என் கையை அந்த வயிற்றில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். டிவி இல்லை, போன் இல்லை, பேச்சு இல்லை. கல்யாணம் ஆகி இத்தனை வருசத்தில் நாங்கள் இரண்டு பேரும் சண்டை போடாமல் சேர்ந்தாற்போல் சும்மா உட்கார்ந்தது அப்போதுதான். கைக்கு அடியில் அந்த மொட்டு மெல்ல அசையும். உயிர் இருக்கேன், உயிர் இருக்கேன் என்று.

சின்னத்தம்பியிடம் கோடரித் தைலமும், உன் வீட்டுக்காரி உமாவுக்கு ஒரு புடவையும், பிசின் துடைக்கிற ஈரத்தாள் ஒரு பெட்டியும் அனுப்பியிருக்கிறேன். ஸ்ப்ரே விமானத்தில் விடுவார்களோ மாட்டார்களோ என்று தாளாக வாங்கினேன். அதைத் திறக்க நீ முதலில் ஆபரேஷனுக்குப் போகணும். உன் அத்தான் ஆண்பிள்ளைச் சிங்கம், அவரே தாங்கும்போது உனக்கென்ன? நான் கட்டாயப்படுத்தவில்லை, உன் உயிர், உன் இஷ்டம்.

நம் அப்பா அம்மா ஆயுசையும் சேர்த்து நீயே வைத்துக்கொண்டு, பேரன் பேத்தி கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார வேண்டும் என்று மாரியம்மனை வேண்டி, உமாவுக்கும் அகிலனுக்கும் என் அன்பைச் சொல்லி முடிக்கும்,

உன் அக்கா
விசாலாட்சி

பின்குறிப்பு: மச்சான் கதிரேசனுக்கு, அத்தான் முத்துசாமி எழுதுவது. பிழை பார்க்கச் சொல்லித்தான் கடிதத்தை என்னிடம் கொடுத்தாள். எழுத்தில் பிழை அதிகமில்லை, ஆளில்தான் பிழை. பை எனக்கில்லை. என் வயிறு எப்போதும் போலத்தான் இருக்கிறது, கொஞ்சம் பெருத்திருக்கிறது. மயில்கழுத்துப் பட்டில் சரிகை வைத்து எனக்கு எதற்கு உறை என்று நீங்களே யோசித்திருப்பீர்கள். மின்விசிறியைப் பார்த்தது, கத்தியது, சுவரைப் பார்த்துப் படுத்தது, திருநீறு பூசியது எல்லாம் உங்கள் அக்கா. உரித்தது, துடைத்தது, சீனரை முறைத்தது நான். தேங்காய் எண்ணெய் யோசனை அவளுடையதுதான். அதை மட்டும் விட்டுக்கொடுக்க மனமில்லாமல் தன் பேரிலேயே வைத்துக்கொண்டாள். அவள் குளித்துவிட்டு வருவதற்குள் கடிதத்தை ஒட்டிவிடுகிறேன்.

மறுபடியும் பின்குறிப்பு: அக்காதான். இவர் ஒட்டும்போதே பிடிச்சுட்டேன். கிழிக்கலாம்னுதான் எடுத்தேன், மறுபடி இவ்வளவையும் யார் எழுதுறது? ஆமாம் தம்பி, எனக்குத்தான். ஒரு அக்கா தன் வயித்தைப் பத்தித் தம்பிக்கு எப்படி எழுதுவா? எனக்குன்னா நீ அழுவே, அவருக்குன்னா தைரியமாப் படிப்பேன்னு நினைச்சேன். போகட்டும். வயித்துல வச்ச கைன்னு எழுதினேனே, அது அவர் கை. அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை படி, உமாவையும் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லு. கபீர் பாய் உனக்காக ரெண்டு துணி எடுத்து வச்சிருக்கார், ஒண்ணு வெள்ளை, ஒண்ணு மாம்பழக் கலர். எதுல தைக்கட்டும்? சின்னத்தம்பி எதிர்லதான் உட்கார்ந்திருக்கார், கலரை அவர்கிட்ட சொல்லிடு. சொல்ற வரைக்கும் அவர் எழுந்திருக்க மாட்டார், இன்னொரு காப்பி போடச் சொல்லு.